தம்பிக்கு ஓர் இல்லம் தேடியபோது

அம்மாவுக்கு 72 வயது, தம்பிக்கு 35. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவன். பேச்சு அநேகமாக இல்லை. அவனைக் குளிப்பாட்டும்போது அம்மா வழுக்கி விழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பராமரிப்பு இல்லம் என்ற பேச்சையே எடுக்க முடிந்தது. உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களில் ஒருவரும் ஓர் இரவு அவனோடு கண் விழித்தவர் இல்லை.

சிங்கப்பூரில் இதற்கான விண்ணப்பம், உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் என்ற அமைப்பின் வழியாகப் போகிறது. மருத்துவ அறிக்கை, சமூக சேவை ஊழியரின் அறிக்கை, வருமான விவரம் எல்லாம் வேண்டும். குடும்பத்தில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் செய்யக்கூடியது.

நடத்தை பற்றிக் கேட்ட இடத்தில் மட்டும் நான் தனித்தாள் ஒன்றை இணைத்தேன். ‘தன்னைத்தானே அடித்துக்கொள்வான்’ என்று எழுதி நிறுத்தினால் அவன் முரடன் என்றுதான் படிப்பவர் நினைப்பார். சில ஆண்டுகளுக்கு முன் ஓயாமல் கன்னத்தில் அறைந்துகொண்டான். ஆட்டிசம் என்றால் அப்படித்தான் என்று ஒரு மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப்பல் சொத்தை! வலியைச் சொல்லத் தெரியாதவன் வேறு எப்படித்தான் சொல்வான்? ‘கன்னத்தில் அடித்துக்கொண்டால் முதலில் பல்லைப் பாருங்கள்’ என்பதுதான் அந்தத் தாளின் முதல் வரி.

இல்லங்களைப் பார்க்கப் போனபோது, மாலை ஆறு மணிக்கு மேல் வரலாமா என்று கேட்டேன். பகலில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஓர் இல்லத்தில் புது வண்ணப்பூச்சு, அகலமான கூடம்; ஆனால் எல்லாருடைய உடைகளும் ஒரே அலமாரியில். அங்கே இருப்பவரிடம் நான் கேட்டதற்கெல்லாம் மேற்பார்வையாளரே பதில் சொன்னார். இன்னோர் இல்லம் பழைய கட்டடம். மியன்மார்க்காரரான ஊழியர் ஒருவர் அங்கே வசிக்கும் ஒருவருக்கு இரண்டு சட்டைகளைக் காட்டி, அந்த மனிதர் ஒன்றைத் தொடும் வரை நின்றார். கைநிறைய வேலை காத்திருந்தும் அவர் அவசரப்படுத்தவில்லை. அம்மா என் கையைக் கிள்ளினார்.

இரவில் ஓர் ஊழியருக்கு எத்தனை பேர், அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுக்க முடிவெடுப்பவர் யார், அதை எங்கே எழுதிவைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டேன். அவற்றைவிட எனக்கு உதவியது வேறொரு கேள்வி: சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டால் என்ன செய்வீர்கள்? “பசித்தால் தானாகச் சாப்பிடுவார்” என்றது புது வண்ண இல்லம். பழைய கட்டடத்தில், “வீட்டில் என்ன சாப்பிடுவார், எப்படிச் சாப்பிடுவார்?” என்று எங்களைத் திருப்பிக் கேட்டார்கள். தயிர்சாதம், கையால், கரண்டியைக் கொடுத்தால் எறிவான். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள்.

சட்ட வேலை தனி. பிள்ளைக்கு 21 வயதானபின் அவனுக்காக முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றோருக்குத் தானாக இருப்பதில்லை. நீதிமன்றம் அவர்களை ‘டெபுட்டி’யாக, அதாவது அவனுக்காக முடிவெடுப்பவராக, நியமிக்க வேண்டும். இப்போது சிறப்புப் பள்ளியில் படிக்கும்போதே இதற்கு உதவும் திட்டம் இருக்கிறது. தம்பி பள்ளியை முடித்த காலத்தில் அது இல்லை. உங்கள் பிள்ளை இன்னும் பள்ளியில் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பணத்துக்கு, சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கான பணத்தைப் பராமரிக்க 2009இல் தொடங்கிய ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனியில் அறக்கட்டளைக் கணக்கு வைத்தோம். 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தால் தொடங்கலாம்.

அந்தப் பழைய கட்டட இல்லத்தில் முதலில் குறுகிய காலத் தங்கல், பிறகு நிரந்தர இடம். தொடக்கத்தில் அவன் சரியாகத் தூங்கவில்லை, அம்மாவும்தான். இப்போது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வீட்டுக்கு வருகிறான். குறை இல்லாமல் இல்லை: ஞாயிற்றுக்கிழமைகளில் யாரையும் வெளியே அழைத்துப் போவதில்லை, ஆள் போதாது என்கிறார்கள். அடுத்த பராமரிப்புக் கூட்டத்தில் அதைக் கேட்க வேறு இரண்டு குடும்பங்களையும் சேர்த்திருக்கிறேன்.