2014-ஆம் ஆண்டு வாலட்டைப் புதிய வகைக்கு மாற்றிய நாட்கள்

2026 பிப்ரவரி 1, ஞாயிறு

பிட்காயின் என்னும் மின்நாணயத்தைக் கையாளும் பிட்காயின் கோர் மென்பொருளின் 30-ஆம் பதிப்பு சென்ற அக்டோபரில் வெளிவந்தது முதல் தள்ளிப்போட்டு வந்த வேலையை இன்று தொடங்கினேன். என் கணினியில் இன்னும் 25-ஆம் பதிப்புதான் ஓடுகிறது. வாலட் என்பது நாணயங்களைச் செலவழிக்கத் தேவையான சாவிகள் இருக்கும் கோப்பு. 30-ஆம் பதிப்பு பழைய வகை வாலட்டுகளைத் திறந்து பயன்படுத்துவதை அடியோடு நிறுத்திவிட்டது. அவற்றைப் புதிய வகைக்கு மாற்றிக்கொள்ள மட்டும் அதில் வழி உண்டு. என்னிடம் இருப்பதோ 2014-இல் 0.9 பதிப்பில் உருவாக்கிய கோப்பு.

பழைய வகை வாலட் பெர்க்லி டிபி என்னும் தரவுத்தள வடிவில் இருக்கிறது. அது ஒரு சாவிக்கொத்து போன்றது: உள்ளே தனிச்சாவிகள் எனப்படும் இரகசிய எண்கள் குவிந்து கிடக்கும், பணம் வந்துசேரும் முகவரிகளில் எவை நமக்குரியவை என்பதை மென்பொருள் தன் உள்விதிகளைக் கொண்டு ஊகித்துக்கொள்ளும். புதிய வகையில் தரவுத்தளம் எஸ்க்யூலைட். எந்தச் சாவியிலிருந்து எந்த முறையில் எந்த முகவரி பிறக்கிறது என்பது டிஸ்கிரிப்டர் எனப்படும் விதியாக, படித்தறியக்கூடிய எழுத்திலேயே பதிந்திருக்கும். இந்த வகை 2021-இல் 0.21 பதிப்போடு அறிமுகமாகி, 2022-இல் வந்த 23-ஆம் பதிப்பிலிருந்து புதிய வாலட்டுகளுக்கு இயல்பான வகையாகிவிட்டது.

இவ்வளவு நாள் தயங்கியது நல்லதாகவே போயிற்று. சென்ற மாதத் தொடக்கத்தில், 30.0, 30.1 ஆகிய இரு பதிப்புகளிலும் வாலட் மாற்றத்தில் ஒரு பிழை இருப்பதாக மென்பொருளை உருவாக்குவோரே எச்சரிக்கை வெளியிட்டார்கள். பெயரிடப்படாத பழைய வாலட்டை மாற்றும் முயற்சி சில அரிய சூழல்களில் தோல்வியுற்றால், வாலட் கோப்புறையில் இருக்கும் கோப்புகள் அனைத்தும் அழிந்துபோகக்கூடும் என்பதே அந்த எச்சரிக்கை. 30.2 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டிருக்கிறது. என் வாலட்டும் அதேபோலப் பெயரிடப்படாத ஒன்றுதான். அதைப் படித்த இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை. இந்த வாலட்டில் பாதி என் அக்காவுடையது. மகளின் மேற்படிப்புக்கென்று 2016-இல் என்னை நம்பிக் கொடுத்த பணம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று முழுவதும் காப்புநகல் வேலை.

மேசை இழுப்பறையில் 2014 என்று எழுதிய பென் டிரைவ் ஒன்று கிடந்தது. வாலட்டை உருவாக்கிய அன்றே எடுத்த நகல் அது. கையில் எடுத்தபோது ஒரு கணம் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த நகலை நம்பி இறங்கியிருந்தால் பெரும் இழப்பாகியிருக்கும். விதை எனப்படும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து எல்லாச் சாவிகளையும் பிறப்பிக்கும் முறை 2016-இல் 0.13 பதிப்போடுதான் வந்தது. அதற்கு முந்தைய வாலட், 100 சாவிகளை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் மீதித்தொகை திரும்பி வருவதற்கென ஒரு சாவியைச் செலவழித்துவிட்டு, அந்த இடத்தைப் புதிய சாவியால் நிரப்பிக்கொள்ளும். அந்தப் புதிய சாவிகள் பழைய நகலில் இருக்க வழியில்லை. போதாக்குறைக்கு, வாலட்டுக்குக் கடவுச்சொற்றொடர் இட்டுப் பூட்டும்போது பழைய இருப்புச் சாவிகள் ஒதுக்கப்பட்டுப் புதியவை உருவாகின்றன. நான் பூட்டியது 2015-இல். ஆக, 2014 நகலில் இருப்பது இன்றைய வாலட்டின் ஒரு பகுதி மட்டுமே.

ஆகவே 25-ஆம் பதிப்பிலிருந்தே, காப்புநகல் எடுப்பதற்கென உள்ள கட்டளையைக் கொண்டு புதிய நகல் எடுத்தேன். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை இழுத்து ஒட்டுவது பெர்க்லி டிபி வாலட்டுக்கு ஆகாது. பதிவுகள் பாதி எழுதிய நிலையில் நகலாகிவிடலாம். பின்னர் அதையே இரண்டு புதிய பென் டிரைவுகளிலும் இணையத்தோடு இணையாத பழைய மடிக்கணினியிலும் இட்டு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஷா-256 மதிப்பை மூன்றுக்கும் ஒப்பிட்டேன். மூன்றும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

பிப்ரவரி 4, புதன்

கடவுச்சொற்றொடரைச் சோதிக்க வேண்டும் என்று நேற்றிரவு படுத்த பிறகுதான் தோன்றியது. கடைசியாக நான் அதைத் தட்டச்சு செய்தது 2021-இல். இருப்பைப் பார்ப்பதற்கும் பணம் பெறுவதற்கும் அது தேவைப்படாது. ஆதலால் மறந்துபோனாலும் மறந்தது தெரியாமலேயே பல ஆண்டுகள் ஓடிவிடும். பூட்டிய வாலட்டைப் புதிய வகைக்கு மாற்றுவதற்கு அது கட்டாயம் வேண்டும்.

மடிக்கணினியில் இருந்த நகலில் முயன்றேன். முதல் முறை தவறு, இரண்டாம் முறையும் தவறு. மூன்றாம் முறை, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே இடைவெளி விடாமல் எழுதும் வழக்கம் அப்போது எனக்கு இருந்தது நினைவுக்கு வந்து, அப்படியே எழுத, திறந்துகொண்டது. உடனே தாளில் எழுதி, இடைவெளி இல்லை என்ற குறிப்பையும் பக்கத்தில் சேர்த்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

30.2 பதிப்பைப் பதிவிறக்கினேன். தேடுபொறியில் பெயரைத் தட்டியதும் எல்லாவற்றுக்கும் மேலே விளம்பரமாக வந்த இணைப்பின் முகவரியில் ஓரெழுத்து மாறியிருந்தது. அதை விட்டுவிட்டு, திட்டத்தின் உண்மையான முகவரியை நானே தட்டச்சு செய்து உள்ளே போனேன். புதிய பதிப்புக்கு மாறும் ஆர்வத்தையே தூண்டிலாக்குவது இத்துறையில் பழைய மோசடி. 2018 டிசம்பரில் எலெக்ட்ரம் என்னும் வேறொரு பிட்காயின் வாலட் மென்பொருளைப் பயன்படுத்தியவர்களுக்கு, தீயோர் நடத்திய சர்வர்கள் வழியாக வாலட்டின் உள்ளேயே "புதிய பதிப்பை நிறுவுக" என்று செய்தி வந்தது. அதை நம்பிப் போலிப் பதிப்பை நிறுவியவர்களிடமிருந்து 200-க்கும் மேற்பட்ட பிட்காயின்கள் களவு போயின. செய்தி வந்தது சொந்த வாலட்டின் திரையில் என்பதால், எச்சரிக்கையானவர்களும் ஏமாந்தார்கள்.

மென்பொருளோடு, ஷா-256 மதிப்புகளின் பட்டியலையும் அந்தப் பட்டியலின் மீது இடப்பட்ட மின்கையொப்பக் கோப்பையும் இறக்கிக்கொண்டேன். பதிவிறக்கிய கோப்பு பட்டியலோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் போலிக் கோப்பை வைக்க முடிந்தவனால் போலிப் பட்டியலையும் வைக்க முடியும். பட்டியலின் மீதுள்ள கையொப்பங்களைச் சோதிப்பதுதான் காவல். பிட்காயின் கோரை, மூலநிரலிலிருந்து யார் தொகுத்தாலும் ஒரு பைட்டும் மாறாத அதே கோப்பு கிடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் தனித்தனியாகத் தொகுத்துப் பார்த்த பலர் அதே பட்டியலில் கையொப்பமிடுகிறார்கள். கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் அவர்களுடைய பொதுச்சாவிகளை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதற்கென உள்ள களஞ்சியத்திலிருந்து எடுத்து, ஐந்து பேரின் சாவிகளுக்குரிய அடையாள எண்களை வேறு இணைய இணைப்பின் வழியாக இன்னொரு முறை பார்த்து ஒப்பிட்டு, பிறகே சோதித்தேன். ஐந்துக்கும் "நல்ல கையொப்பம்" என்ற வரி வந்தது. இந்தச் சாவிகள் நம்பகமானவை என்று சான்றளிக்கப்படவில்லை என்னும் எச்சரிக்கையும் கூடவே வந்தது. முதன்முறை பார்ப்பவரை அது மருட்டும். அந்தச் சாவிகளுக்கு நான் சான்றளித்துக் கையொப்பமிட்டதில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று ஒத்திகை பார்த்தேன்.

முதலில், 25-ஆம் பதிப்பில் வாலட்டைத் திறந்து, இருப்பு, செலவழியாமல் இருக்கும் தொகைகள், பயன்படுத்தாதவை உட்பட எல்லா முகவரிகள், ஒவ்வொன்றுக்கும் நான் இட்டிருந்த குறிப்புகள் ஆகியவற்றை ஓர் உரைக்கோப்பில் எடுத்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகளில்தான் எந்தத் தொகையை எந்த நாளில் என்ன விலைக்கு வாங்கினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் இத்தகைய சொத்துகளை விற்றுவரும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. அதில் கழித்துக்கொள்ளக் கூடிய செலவு வாங்கிய விலை ஒன்றுதான். குறிப்புகள் தொலைந்தால் அந்தக் கணக்கும் தொலையும்.

பின்னர் இணையம் இல்லாத மடிக்கணினியில் 30.2 பதிப்பை நிறுவி, அங்கிருந்த நகலைத் தனிப் பெயரிட்ட கோப்புறைக்குள் வைத்து, கோப்புப் பட்டியில் உள்ள "மைக்ரேட் வாலட்" என்பதைத் தேர்ந்தேன். கட்டளை வரியிலும் செய்யலாம். ஆனால் கடவுச்சொற்றொடரைக் கட்டளையோடு சேர்த்து எழுத நேரும், அது கட்டளை வரலாற்றில் அப்படியே தங்கிவிடும். திரையில் கேட்கும் பெட்டியில் எழுதுவதே நல்லது.

சில நொடிகளில் முடிந்தது. ஆனால் ஒரு வாலட் இருந்த இடத்தில் இரண்டு தோன்றவே திடுக்கிட்டேன். இரண்டாவதன் பெயரின் இறுதியில் "வாட்ச்ஒன்லி" என்று இருந்தது. யோசித்தபோது விளங்கிற்று: 2017-இல் அக்காவுக்கென்று தனியாக ஒரு முகவரியை அவருடைய கணினியில் உருவாக்கி, அதைப் பார்த்துக்கொள்ள மட்டும் என் வாலட்டில் சேர்த்திருந்தேன். பழைய வகை, சாவி உள்ள முகவரியையும் இல்லாததையும் ஒரே கோப்பில் கலந்து வைக்கும். புதிய வகை அப்படிக் கலப்பதில்லை, ஆதலால் மாற்றும்போதே பிரித்துவிடுகிறது. என் தனிச்சாவிகள் ஒவ்வொன்றும் முதல் வாலட்டில் தனித்தனி டிஸ்கிரிப்டராகி இருந்தன.

எல்லாப் பணப்பரிமாற்றங்களும் பதிவாகும் பிட்காயின் சங்கிலியின் தரவு அந்த மடிக்கணினியில் இல்லாததால் அது காட்டும் இருப்பைப் பொருட்படுத்தவில்லை. முகவரிகளை மட்டும் உரைக்கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். எல்லாம் இருந்தன, குறிப்புகளும் இருந்தன.

பிப்ரவரி 10, செவ்வாய்

இரண்டு வாலட் பிரிந்த விவரத்தை டெலிகிராமில் ஒரு குழுவில் கேட்டிருந்தேன். பத்து நிமிடத்தில், உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாக ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். மாற்றம் முழுமை பெற, என் 12 மீட்புச் சொற்களை அவர் தரும் பக்கத்தில் உள்ளிட வேண்டுமாம். வேறு சில வாலட்டுகளில் எல்லாச் சாவிகளையும் மீட்க உதவும் அந்த 12 சொற்கள் பிட்காயின் கோர் வாலட்டில் கிடையவே கிடையாது. அதற்கு உதவிப் பிரிவும் கிடையாது. பதில் எழுதாமல் தடுத்துவிட்டேன். ஆனால் மனம் கனத்தது. இந்த மாற்றத்தில் நாணயங்கள் சங்கிலியில் ஓர் அடிகூட நகர்வதில்லை. அதே சாவிகளும் அதே முகவரிகளும் வேறு வடிவக் கோப்பில் எழுதப்படுகின்றன, அவ்வளவே. இது தெரியாத ஒருவர் அந்தச் செய்தியை நம்பி எவ்வளவு எளிதாக எல்லாவற்றையும் இழந்திருப்பார்.

பிப்ரவரி 14, சனி

விடுமுறை நாளுக்காகக் காத்திருந்து, காலையில் உண்மையான மாற்றத்தைச் செய்தேன். 25-ஆம் பதிப்பை முறைப்படி மூடி, அது முழுதாக நின்றுவிட்டதை உறுதிசெய்து, பெயரற்ற வாலட் கோப்பை "குடும்பம்" என்ற தனிக் கோப்புறைக்கு மாற்றினேன். 30.2 பதிப்பைத் தொடங்கி, சங்கிலி கடைசித் தொகுதி வரை வந்து சேரும்வரை பொறுத்திருந்து, பிறகே மாற்றத்தைத் தொடங்கினேன். ஒத்திகையில் பார்த்ததே நடந்தது. இருப்பு கடைசி இலக்கம் வரை பொருந்தியது.

சாவி உள்ளே இருக்கிறதா என்பதைப் பணம் அனுப்பாமலே அறிய ஒரு வழி உண்டு. 1 என்ற எண்ணில் தொடங்கும் பழைய முகவரிகளைக் கொண்டு ஒரு செய்தியில் கையொப்பமிடலாம். தனிச்சாவி இருந்தால்தான் அது முடியும். இருப்புள்ள ஏழு முகவரிகளிலும் இன்றைய தேதியை எழுதிக் கையொப்பமிட்டு, ஒவ்வொன்றையும் மடிக்கணினியில் சரிபார்த்தேன். ஏழும் சரி.

மாற்றத்தின்போது மென்பொருள் பழைய கோப்பைத் தானாகவே காப்புநகலாக எடுத்து வைக்கிறது. அதிலும் எல்லாச் சாவிகளும் இருப்பதால் அதைக் கணினியில் கிடக்க விடாமல், பென் டிரைவுக்கு நகர்த்தினேன். இனிப் புதிதாகப் பிறக்கும் முகவரிகள் புதிய விதையிலிருந்து வருவதால் பழைய நகல்கள் அவற்றுக்கு உதவா. ஆகவே இரண்டு புதிய வாலட்டுகளுக்கும் அன்றே நகல் எடுத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கும்பகோணத்தில் அக்கா வீடு. புதிய நகல் இருந்த பென் டிரைவை அக்கா மகளின் கணினியில், வைஃபையை அணைத்துவிட்டு, மீட்டெடுத்துக் காட்டினேன். என்ன செய்கிறேன் என்று அவள் ஒவ்வொரு படியிலும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். முடிந்ததும், "மாமா, இப்போது நீங்கள் எழுந்துகொள்ளுங்கள், நான் தனியாகச் செய்கிறேன்" என்று சொல்லி, கோப்பை அழித்துவிட்டு, முதலிலிருந்து தானே மீட்டெடுத்தாள். கடவுச்சொற்றொடரை ஓரிடத்தில் இடைவெளி விட்டு எழுதி, திறக்கவில்லை என்றாள். தாளின் ஓரத்துக் குறிப்பைக் காட்டினேன். இரண்டாம் முறை திறந்தது.

அக்கா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, அந்தப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்று 2014 பென் டிரைவைக் காட்டிக் கேட்டார். பழைய சாவிகள் அதிலும் இருக்கின்றன, தூக்கிப் போட வேண்டாம் என்றேன். புதிய நகல் உள்ள பென் டிரைவை ஓர் உறையிலும் கடவுச்சொற்றொடர்த் தாளை வேறோர் உறையிலும் இட்டு, இரண்டின் மேலும் இன்றைய தேதியைத் தம் கையால் எழுதி, ஒன்றை பீரோவில் வைத்துப் பூட்டினார். மற்றதைத் திங்களன்று வங்கி லாக்கரில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.