வைவாவில் கேலக்ஸி கேள்வி வந்தால்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பாலக்காட்டில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். என் புராஜெக்ட், சுருள் கேலக்ஸிகளில் வாயுவும் நட்சத்திரப் பிறப்பும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே, "வாயு கூடினால் நட்சத்திரம் கூடும், இதில் ஆராய என்ன இருக்கு?" என்பதுதான்.

நட்சத்திரப் பிறப்பு வீதம் வாயு அடர்த்தியின் ஓர் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்று வானியலாளர் ஷ்மிட் 1959இல் சொன்னதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் வானியலாளர் கெனிகட் 1998இல் 61 சாதாரணச் சுருள் கேலக்ஸிகளையும் நட்சத்திரங்கள் மிக வேகமாகப் பிறக்கும் 36 வெடிப்புப் பிறப்புக் (starburst) கேலக்ஸிகளையும் சேர்த்துப் போட்ட வரைபடத்துக்கு வாருங்கள். வாயுவின் பரப்படர்த்தி (ஒரு சதுர அலகில் உள்ள நிறை) இரண்டு மடங்கானால் பிறப்பு வீதம் சுமார் 2.6 மடங்காகிறது. அடுக்கு 1.4. இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் சுவாரசியம். எந்த வாயு என்று கேட்பார்கள். 21 செ.மீ. அலையில் தெரியும் அணு ஹைட்ரஜன், கண்ணுக்குத் தெரியும் தட்டையும் தாண்டிப் பரவிக் கிடக்கிறது. ஆனால் அந்த வெளி ஓரத்தில் நட்சத்திரம் அரிதாகத்தான் பிறக்கும். பிறப்போடு நெருங்கி நிற்பது குளிர்ந்த மூலக்கூறு ஹைட்ரஜன். அது தன்னைக் காட்டாது. சமச்சீரான மூலக்கூறு என்பதால் அந்தக் குளிரில் அதிலிருந்து ஒளி வருவதில்லை. எனவே கார்பன் மோனாக்சைடின் 2.6 மி.மீ. அலையை வைத்து அதன் அளவை ஊகிக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஒளியை ஹைட்ரஜன் அளவாக மாற்றும் அந்தக் காரணி எல்லா இடத்திலும் ஒன்றாக இராது என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பக்கத்துச் சுருள்களில் இப்போதைய வேகத்தில் செலவழித்தால் மூலக்கூறு வாயு ஏறக்குறைய 200 கோடி ஆண்டில் தீர்ந்துவிடும். பிரபஞ்சத்துக்கு வயது 1380 கோடி. அப்படியென்றால் வெளியிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையா? என் தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். வரவு நின்றால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்டால், கன்னி கொத்தில் (Virgo என்னும் கேலக்ஸிக் கூட்டத்தில்) உள்ள சுருள்களைச் சொல்லுங்கள். கொத்தின் சூடான வாயு அவற்றின் ஹைட்ரஜனை உரித்துக்கொண்டு போக, பிறப்பும் ஓரத்திலிருந்து அடங்குகிறது.

சூத்திரத்தை மனப்பாடம் செய்வது ரொம்பச் சுலபம். கெனிகட் வரைபடத்தின் அச்சுகளின் அலகுகளைத்தான் மறந்துவிடுவீர்கள்: கிடையில் (வாயு) சதுர பார்செக்குக்குச் சூரிய நிறை, செங்குத்தில் (பிறப்பு வீதம்) ஆண்டுக்கு, சதுர கிலோபார்செக்குக்குச் சூரிய நிறை. இரண்டும் மடக்கை அளவில்.