விடுதி வேலையும் மூன்று நாள் லீவும்

என் பெரியம்மா தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு பல்கலைக்கழக மாணவர் விடுதியில் துப்புரவு வேலை செய்கிறார், கான்ட்ராக்ட் கம்பெனி மூலமாக. போன மாதம் அவரை வளர்த்த சித்தி இறந்துபோனார். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முடியாது என்றார், கடைசியில் ஆண்டு விடுப்பில்தான் கழித்தார்கள்.

நான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். இந்த நாட்டின் 1997ஆம் ஆண்டு வேலை நிலைமைகள் சட்டத்தில் குடும்பப் பொறுப்பு விடுப்பு வருடத்துக்கு 3 நாள். கணவன் மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரன் பேத்தி, உடன்பிறந்தவர் இறந்தால் கிடைக்கும். சித்தி அந்தப் பட்டியலில் இல்லை! நம் வீடுகளில் சித்தி என்றால் இன்னொரு அம்மா, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கூட நிற்க வேண்டியவர்கள் நாம், இது யாருக்குப் புரியும்?

ஆனால் சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான், முதலாளி அதற்கு மேல் தரலாம். 2015இல் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் துப்புரவுத் தொழிலாளிகளைப் பல்கலைக்கழகமே நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள், கேப்டவுன் பல்கலைக்கழகம் அடுத்த வருடமே எடுத்துக்கொண்டது. பெரியம்மா இன்னும் கான்ட்ராக்ட் கம்பெனியில், வெளியேதான் நிற்கிறார்.

சரி, இப்போதைக்குச் சம்பளச் சீட்டைப் பாருங்கள். வேலையின்மைக் காப்பீட்டுக்கு உங்களிடம் 1 சதவீதம் பிடித்தால் கம்பெனியும் 1 சதவீதம் கட்ட வேண்டும். வாரம் 5 நாள் வேலை என்றால் 3 வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் சீட்டோடு வீட்டுக்கு வாங்க, சேர்ந்து பார்ப்போம்.