வெண்புள்ளி நோய்: மீன்களின் தனிமைத் தொட்டிக் குறிப்புகள்

டிசம்பர் 18
காலையில் தண்ணீர் 24 டிகிரி. சென்னையில் மார்கழி பிறந்தால் ஹீட்டர் இல்லாத தொட்டி இப்படித்தான் இறங்கும். புதிதாக வந்த மாலி, பிளாட்டி மீன்கள் இன்னும் தனிமைத் தொட்டியில்தான். ஒரு கருப்பு மாலி ஃபில்டர் குழாயில் விலாவை உரசிவிட்டுச் சட்டென்று விலகுகிறது. இரண்டு பிளாட்டிகள் துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கின்றன. புள்ளி எதுவும் தெரியவில்லை. உரசலுக்கு அம்மோனியாவோ குளோரினோகூடக் காரணமாக இருக்கலாம். அதனால் மருந்துக்கு முன் டெஸ்ட் கிட். அம்மோனியா 0, நைட்ரைட் 0, பி.எச். 7.8. சேமித்து வைத்த தண்ணீர், குளோரினுக்கும் இடமில்லை. ஆக, ஒட்டுண்ணியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டிசம்பர் 19
மாலியின் வால் துடுப்பில் ஏழு வெண்புள்ளிகள். ஒவ்வொன்றும் ரவை அளவு, தனித்தனியாக, லேசாக மேடு தட்டி நிற்கிறது. அறை விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தும் பார்த்தாயிற்று. மஞ்சள் பொடி பூசினாற்போல் மினுமினுத்தால் அது வெல்வெட் நோய். இங்கே அந்த மினுமினுப்பு இல்லை. பஞ்சுபோல இழை தொங்கினால் பூஞ்சை, அதுவும் இல்லை. வெண்புள்ளி நோய்தான்.

தொட்டி 60 x 30 செ.மீ., தண்ணீர் உயரம் 25 செ.மீ.: 45 லிட்டர். அளவு போடும்போது கண்ணாடியின் உயரத்தை அல்ல, தண்ணீரின் உயரத்தைத்தான் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு, மொத்தம் 90 கிராம். முப்பது முப்பதாக மூன்று தவணை, 12 மணி நேர இடைவெளி. மக்கில் கரைத்து, ஃபில்டர் குமிழி விடும் இடத்தில் மெல்ல ஊற்றினால் போதும். 50 வாட் ஹீட்டரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 30-இல் நிறுத்துவது திட்டம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, செவுளும் நோயில் இருக்கிறது. அதனால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இரண்டாவதாக ஒன்றும் போட்டாயிற்று.

மாலியும் பிளாட்டியும் இந்த உப்பைத் தாங்கும். கோரிடோரஸ், லோச் போன்ற மீன்கள் இருந்தால் லிட்டருக்கு 1 கிராமுக்கு மேல் போகாமல் வெப்பத்தையே நம்ப வேண்டும். தங்கமீனுக்கு நேர் எதிர்: உப்பு 3 கிராம் வரை போகலாம், வெப்பத்தை 28-க்கு மேல் இழுக்கக் கூடாது.

டிசம்பர் 21
தண்ணீர் 30 டிகிரி. ஒரு பிளாட்டி இறந்துவிட்டது. உடம்பில் இரண்டே புள்ளி, ஆனால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெளிறி, சளி கட்டியிருக்கிறது. இந்த நோய் பெரும்பாலும் செவுளில்தான் கொல்கிறது. தோலில் புள்ளி குறைவு என்று யாரும் நிம்மதியடைய வேண்டாம். மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும் மீன்தான் முதல் கவலை.

டிசம்பர் 22
மற்ற மீன்களிலும் புள்ளி கூடியிருக்கிறது. பலர் இந்த இடத்தில்தான் பயந்து உப்பை இரட்டிப்பாக்குகிறார்கள், அல்லது மேலே ஒரு நீல மருந்தையும் ஊற்றுகிறார்கள். வேண்டாம். இன்று தெரிகிற புள்ளி சில நாள் முன்பே தோலுக்கடியில் நுழைந்தது. அங்கே அதை எந்த மருந்தும் தொடாது. வளர்ந்து முடிந்ததும் அது தானே உதிர்ந்து அடியில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். அந்தக் குஞ்சுகள் வெளியே நீந்தி மீனைத் தேடும் ஒன்றிரண்டு நாள்தான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. உப்பு அங்கேதான் வேலை செய்கிறது. வெப்பம் இந்தச் சுழற்சியை விரைவாக்கும். 30 டிகிரியில் பெரும்பாலான வகைகளால் பெருகவும் முடியாது.

தினமும் அடியை சைஃபன் செய்வதும் (குழாயால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுப்பதும்) இதற்காகவே. வெறும் கண்ணாடி அடி என்பதால் கூடுகள் அழுக்கோடு வந்துவிடுகின்றன. 11 லிட்டர் எடுத்தால், சேர்க்கும் தண்ணீரில் 22 கிராம் உப்பு. ஆவியாகிக் குறைந்ததை நிரப்பும்போது உப்பு சேர்க்கக் கூடாது, ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

டிசம்பர் 24
ஒரு மீனிலும் புள்ளி இல்லை. நிறுத்தும் நாள் இதுவல்ல! உதிர்ந்தவை கூட்டுக்குள் இருக்கலாம். கடைசிப் புள்ளி மறைந்தபின் குறைந்தது பத்து நாளாவது உப்பும் வெப்பமும் அப்படியே நிற்க வேண்டும். பாதியில் விட்டால் அடுத்த அலை முந்தியதைவிடக் கடுமையாக வரும்.

டிசம்பர் 27
அம்மோனியா 0.25. பசி திரும்பியதும் தீனி கூடிவிட்டது. பி.எச். 7.8-உம் 30 டிகிரியும் சேரும்போது அம்மோனியாவில் நச்சுப் பங்கு அதிகம், அதனால் இந்தச் சிறிய எண்ணையும் விடக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம்: 15 லிட்டர், 30 கிராம் உப்பு. தீனி நாளுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு.

ஜனவரி 3
உரசல் இல்லை, துடுப்புகள் விரிந்திருக்கின்றன. வெப்பம் இனி நாளுக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கும். உப்பைத் தண்ணீர் மாற்றியே குறைக்க வேண்டும்: கால் பங்கு வீதம் நான்கு முறை மாற்றினால் 90 கிராமில் 28 கிராம்தான் மிஞ்சும்.

ஜனவரி 14
26 டிகிரிக்கு வந்து ஒரு வாரம் தாண்டியும் புள்ளி திரும்பவில்லை. மீன்கள் பெரிய தொட்டிக்குப் போகலாம். வலை, சைஃபன் குழாய், ஃபில்டர் ஸ்பான்ஞ் மூன்றையும் கழுவி முழுக்கக் காயும்வரை வெயிலில் போட்டாயிற்று. இந்த ஒட்டுண்ணி ஈரம் வற்றினால் பிழைக்காது. ஸ்பான்ஞ்சில் இருந்த, அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் அதோடு போய்விடும். அதற்காகப் புது ஸ்பான்ஞ் ஒன்று இன்றே பெரிய தொட்டியில் ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்த தொகுதி மீன் வருவதற்குள் அதில் பாக்டீரியா வளர ஒரு மாதமாவது வேண்டும்.