லப்டொப் வைஃபை காட் மாற்ற முன்

லப்டொப்பில் வைஃபை சிக்னலைப் பிடிக்கும் சிறு அட்டையான வைஃபை காட்டை மாற்றுவது பத்து நிமிட வேலை. பிழையான காட்டை வாங்கி, அதைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பி, வேறொன்று கூரியரில் கிளிநொச்சிக்கு வந்து சேரும்வரை பார்த்திருப்பதுதான் பெரிய வேலை. அதனால் ஓடர் கொடுக்க முன்னரே லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றி ஒருக்காப் பாருங்கள்.

அதற்கும் முன், குறை காட்டில்தானா என்று தெரியவேண்டும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் கன வீடுகளுக்கு இணையம் வருவது 4ஜி றவுட்டரில். ரவரிலிருந்து றவுட்டருக்கு வரும் வேகமே 10 எம்பிபிஎஸ் என்றால், எந்தக் காட் போட்டாலும் 10தான். றவுட்டருக்குப் பக்கத்தில் போனிலும் லப்டொப்பிலும் வேகத்தைச் சோதியுங்கள். போனில் நன்றாக ஓடி லப்டொப்பில் இழுபட்டால் காட்டைச் சந்தேகிக்கலாம். வின்டோஸில் வைஃபை விபரத்தைத் திறந்தால் லிங்க் ஸ்பீட், அதாவது லப்டொப்புக்கும் றவுட்டருக்கும் இடையிலான வேகம், தெரியும். 72 என்றால் அநேகமாக 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒற்றை அன்ரெனா. 433 என்றால் 5 கிகாஹேர்ட்ஸ், ஆனால் அதுவும் ஒற்றை. 866 காட்டினால் மாற்றத் தேவையே இல்லை; 4ஜி இணைப்பு அந்த அளவை எட்டாது. புளூடூத் ஹெட்செட் போட்டவுடன் இணையம் தளர்கிறதென்றால், இரண்டும் ஒரே அன்ரெனாவைப் பங்கிடும் மலிவான காட் உள்ளே இருக்கக்கூடும்.

இனி உள்ளே. அண்மைக்கால லப்டொப்களில் 22 மில்லிமீற்றர் அகலம், 30 மில்லிமீற்றர் நீளமான எம்.2 காட் இருக்கும். பழையவற்றில் அதைவிட அகலமான மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். ஒன்று மற்றதன் சொக்கெட்டில் ஏறாது, அன்ரெனா வயர் முனையின் அளவும் வேறு. மெல்லிய சில லப்டொப்களில் காட்டை மதர்போர்ட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அதோடு கதை முடிந்தது, வெளியில் செருகும் யூஎஸ்பி டொங்கிள்தான் வழி.

பெயரிலும் கவனம். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் சாதாரண எம்.2 சொக்கெட்டில், ஏஎம்டி லப்டொப்பிலும் ஓடும். ஒரு இலக்கம் தள்ளி ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என்று இருப்பவை அப்படியல்ல. அவற்றின் பாதி வேலையைச் செய்வது மதர்போர்ட்டிலுள்ள இன்டெல் சிப்செட். அதற்கேற்ற இன்டெல் மதர்போர்ட் இல்லாட்டி காட் செத்தது போலக் கிடக்கும். படத்தில் நாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான். பழைய சில லெனோவோ, எச்பி லப்டொப்களில் லப்டொப்பைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயோஸே தனக்குத் தெரியாத காட்டை மறுத்து, இயங்கத் தொடங்கும்போதே நின்றுவிடும். காட்டைக் கழற்றினால் மறுபடி எழும்பும்.

புதிய காட்டை வின்டோஸில் இயக்கும் மென்பொருளான டிரைவரை முன்னரே பென் டிரைவில் இறக்கி வையுங்கள். மாற்றிய பிறகு இறக்க இணையம் இராது. பிறகு ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்து பற்றரி இணைப்பை எடுங்கள். ஆணிகளை இருந்த ஒழுங்கிலேயே ஒரு தாளில் குத்தி வைப்பது நல்லது. நீளமான ஆணி கட்டையான துளைக்குள் போனால் கைவைக்கும் பக்கம் புடைக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் திறந்தால் உள்ளே செம்மண் புழுதி படிந்திருக்கும். காட்டைக் கழற்ற முன் அதைத் தூரிகையால் தட்டிவிடுங்கள், இல்லாட்டி சொக்கெட்டுக்குள் விழும்.

பழுதாவது பெரும்பாலும் அன்ரெனா முனை. வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. முனையின் கீழே நகத்தைக் கொடுத்து நேர் மேலாகக் கிளப்புங்கள். எந்த வயர் 1, எது 2 என்று முன்னரே படம் எடுங்கள். ஆணியைக் கழற்றியதும் காட் தானாகச் சாய்ந்து எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகி, அமத்தி, ஆணியைப் பூட்டுங்கள். பிறகு வயர் முனையைக் காட்டிலுள்ள குமிழின் மேல் சரிமட்டமாக வைத்து விரலால் அமத்தினால் ‘டிக்’ என்று விரலுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இன்னும் அமத்தவேண்டாம். எடுத்துத் திரும்ப வையுங்கள். சரிந்தபடி அமத்தினால் முனையின் வளையம் நசிந்துவிடும், பிறகு வயரையே மாற்றவேண்டும்.

றவுட்டர் உள்ள அறையில் மட்டும் சிக்னல் வந்து அடுத்த அறையில் விழுந்தால் முனை சரியாகப் பூட்டவில்லை. வைஃபை ஓடி புளூடூத் மட்டும் காணாவிட்டால், லப்டொப்பை அணைத்து சார்ஜரையும் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். புளூடூத் போவது யூஎஸ்பி தடத்தில், அது அப்போதுதான் முழுதாக மீளத் தொடங்கும். மூன்றாவது வயர் மிஞ்சினால் அதன் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்.