பிரேக் பெடலை இரண்டாவது முறை மிதிக்காததால் தோற்றேன்

ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவின் செய்முறைத் தேர்வுக்கு நான் இரண்டு முறை போக வேண்டி வந்தது. முதல் முறை என்னைக் கவிழ்த்தது ஒரு பழைய அம்பாசிடர். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அரசு அலுவலகத்தில் ஓடிக் களைத்துப் பயிற்சிக்கூடத்துக்கு வந்த வண்டி. "பெடல் கீழே போகிறது, பார்" என்றார் தேர்வாளர். நான் உடனே ஜாடியும் குழாயுமாக ஏர் எடுக்க, அதாவது பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற, உட்கார்ந்துவிட்டேன். அரை லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை, பெடலும் ஏறவில்லை.

"இரண்டாவது தடவை மிதித்தபோது எப்படி இருந்தது?" என்று கேட்டார். நான் இரண்டாவது தடவை மிதிக்கவே இல்லை.

அவரே உட்கார்ந்து காட்டினார். முதல் மிதியில் பெடல் தரையை நெருங்கியது. உடனே மறுபடி மிதித்ததும் பாதியிலேயே கல்லாக நின்றது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பது ஷூ. அதன் மேலுள்ள லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருந்தது. முதல் மிதி அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே செலவாகிவிடுகிறது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, சுழலாமல் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரை இறுக்கி, லேசாக உரசிக்கொண்டு சுழலும் அளவுக்குத் தளர்த்தினால் முடிந்தது. அரை மணி நேர வேலைக்கு ஒரு தேர்வையே கொடுத்தேன்.

ஆகவே தேர்வுக்குத் தயாராகிறவர்கள் ஸ்பேனரைத் தொடும் முன் காலை நம்புங்கள். நாலைந்து முறை மிதித்தால் பெடல் ஏறுகிறது, ஆனாலும் பஞ்சுபோல் அமுங்குகிறது என்றால் உள்ளே காற்று. ஒருவரை மிதிக்கச் சொல்லி ரப்பர் ஹோஸ்களைப் பிடித்துப் பாருங்கள். பழைய ஹோஸ் விரலுக்கடியில் உப்பினாலும் பெடல் இதே மாதிரிதான் இருக்கும். ஒரே அழுத்தமாகக் காலை வைத்திருக்கையில் பெடல் மெல்ல இறங்கினால் ஆயில் எங்கோ கசிகிறது. ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பார்க்காமல் 'கசிவு இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். கசிவு டிரம்முக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பூஸ்டர் (வெற்றிடத்தின் உதவியால் மிதிக்கு வலுச் சேர்க்கும் பாகம்) உள்ள வண்டியில் இன்ஜினை நிறுத்தி, சில முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டுச் சோதியுங்கள். பிறகு காலை வைத்தபடியே இன்ஜினை ஓட்டினால் பெடல் சற்று இறங்கும். அது கோளாறு அல்ல, பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம்.

ஏர் எடுப்பதில் மதிப்பெண் போகும் இடம் ஒன்றுதான்: காற்றை வெளியே விடும் நிப்பிளை மூடும் முன் மிதிப்பவர் காலை எடுத்துவிடுவார், வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும். "மிதி, பிடி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். குழாயின் முனை ஜாடி ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் பெரும்பாலும் இடது பின்சக்கரம். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கவிடாமல் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பயன்படாத பகுதியில் துருவும் படிவும் இருக்கும். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் கப் அங்கே போனால் கிழிந்துவிடும். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை, ஒரு கப்பைக் கிழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வாய்மொழிக் கேள்வி அநேகமாக ஆயிலைப் பற்றியது. டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தால் அந்த வரம்பு 140, 155 என்று இறங்கிவிடும். மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சாகிவிடும்.

இரண்டாவது தேர்வில் எனக்குக் கிடைத்த வண்டியின் பெடல் மெல்ல இறங்கியது. நான்கு சக்கரங்களும் உலர்வு, ஹோஸ்கள் உலர்வு, மாஸ்டர் சிலிண்டரின் பின்புறமும் உலர்வு. "தொட்டியில் அளவு குறையவில்லை. ஆயில் எங்கே போகிறது?" என்று கேட்டார் தேர்வாளர்.

"எங்கும் போகவில்லை ஐயா. தேய்ந்த கப்பைத் தாண்டி மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது."

"கழற்று" என்றார்.