திருத்துவது யார்?

கல்லூரிக்கு ஒரு புதுத் தாள் வருகிறது என்றால், முதலில் எழும் கேள்வி யாருக்கு எத்தனை ஹவர்ஸ் என்பதுதான். அதில் என்ன சொல்லித்தரப் போகிறோம் என்பதெல்லாம் அப்புறம். குமரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் வேலை பார்க்கிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டக் குழுவில் பேசி, முதலாண்டில் சேரும் எல்லோருக்கும் எழுத்துப் பயிற்சித் தாள் ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கூட்டம் பகல் முழுக்க நடந்தது.

எழுத்துப் பயிற்சி என்றால் இங்கிலீஷில் மட்டும்தானா என்று தமிழ்த்துறை கேட்டது. நியாயமான கேள்வி, யாரும் பதில் சொல்லவில்லை. பார்ட் த்ரீயில், அதாவது முதன்மைப் பாடங்களுக்கான நேரத்தில், கை வைக்காதீர்கள் என்றது வணிகவியல். எங்கள் துறையின் கவலை வேறு: இந்த ஹவர்ஸ் கிடைக்காவிட்டால் அரசுச் சம்பளம் இல்லாமல் கல்லூரி மேனேஜ்மென்ட் தரும் சம்பளத்தில் இருக்கிறவர்களில் யாருக்காவது அடுத்த வருஷம் வேலை இருக்காது. ஒவ்வொரு வாதத்துக்குப் பின்னாலும் ஒரு சம்பளம் இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ நெட் தேர்ச்சியும் பிஎச்.டி.யும் வைத்துக்கொண்டு சொற்பச் சம்பளத்தில் ஓடுகிறவர்களைத் தெரிந்தவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் 2020-21இல் முதலாண்டு இளங்கலைக்கு புரொஃபஷனல் இங்கிலீஷ் கொண்டுவந்தபோதும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான். கலை, வணிகம், உயிர் அறிவியல், இயற்பியல்-வேதியியல் போன்ற அறிவியல் துறைகள் என்று நான்கு வகையாகப் பாடத்தைப் பிரித்துவிட்டார்கள். அப்படியானால் அதை நடத்துவது ஆங்கிலத் துறையா, பாடத் துறையா?

இத்தனை பேச்சிலும் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் தொடவில்லை. பிள்ளைகள் எழுதுவதைப் படிப்பது யார்?

கணக்கு எளிது. ஒரு வகுப்பில் எழுபது பேர். வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் என்று வையுங்கள். 350 நிமிடம், ஆறு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம்தான் குறைவு. இரண்டு வகுப்பு என்றால் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் நேரடியாகப் பாடம் நடத்த வேண்டும். நோட்டு திருத்தும் நேரத்தை அந்தப் பதினாறில் யாரும் சேர்ப்பதில்லை. அதனால் நடப்பது என்னவென்றால், ஒரு பருவத்துக்கு ஒரு அசைன்மென்ட், ஸ்பைரல் பைண்டிங், உள்ளே இன்டர்நெட்டில் எடுத்தது. அட்டையைப் பார்த்தே இன்டர்னல் மார்க். இப்போது செல்போனே எழுதித் தருவதால் அந்தச் சிரமமும் பிள்ளைகளுக்கு இல்லை.

ஆக, கட்டாயம் என்பது மாணவரை மட்டும்தான் கட்டுகிறது. தேறாவிட்டால் அவனுக்கு அரியர். அவன் எழுதியதைப் படிக்க ஆள் வைக்காத கல்லூரிக்கு எந்த அரியரும் கிடையாது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1870களில் நுழைவுத் தேர்வில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னது. நல்ல பள்ளிகளில் படித்தவர்களே தடுமாறினார்கள். 1885இல் முதலாண்டுக்குக் கட்டாய எழுத்து வகுப்பு வந்தது. குவியும் கட்டுரைகளைத் திருத்தி மாளவில்லை. 1892இல் இதை ஆராய்ந்த குழு கடைசியில் பள்ளிகளின் தலையில் பழியைப் போட்டது. படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் தினமும் கேட்கும் "பிளஸ் டூல என்னத்தத்தான் படிச்சிட்டு வருதுவளோ" என்பதன் அமெரிக்கப் பதிப்பு அது.

எதைப் பற்றி எழுத வைப்பது என்பது இன்னொரு சண்டை. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வந்தது. கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அடுத்த பருவத்தில் என் வகுப்பில் மேற்குக் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். கடிதம் எழுதும் பாடம் வந்தது. எல்லோருக்கும் ஒரே வார்ப்புதான் தெரியும்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. ஒரு மாணவி மட்டும் வகுப்பு முடிந்ததும் ஒரு மனுவை நீட்டினாள். சொந்தக்காரருக்காக அவள் எழுதியது. கலெக்டருக்குத் தமிழில், டெல்லிக்கு இங்கிலீஷில். காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கருத சட்டம் பொதுவாக ஏழு வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அவ்வளவு நாள் அந்த வீடு எதை வைத்துச் சாப்பிடும் என்பதுதான் மனுவின் சாரம். ஆனால் அது மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. முதல் இரண்டு பக்கமும் 'மேன்மை தங்கிய', 'தாழ்மையுடன்', 'தங்கள் பொற்பாதங்களில்'. படகின் பதிவு எண் இல்லை, கிளம்பிய தேதி இல்லை, கடைசியாகப் பார்த்தது யார் என்று இல்லை.

அவளிடம் கேட்டுவிட்டு, பெயர்களை எடுத்துவிட்டு, அதையே வகுப்பில் பாடமாக வைத்தேன். மூன்றாம் பக்கம் முதல் பக்கத்துக்கு வந்தது. தமிழ் மனுவுக்குத் தமிழ்த்துறை நண்பர் ஒருவர் உட்கார்ந்து உதவினார். அந்த வருஷம் உருப்படியாக நடந்த எழுத்து வகுப்பு அதுதான் என்பேன். மூத்த பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டு, "மேடம், இது சிலபஸ்ல இல்லாத காரியம். போராட்டம் நடக்குற நேரம். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்றார். குழித்துறையில் மீனவர்கள் ரயிலை மறித்து அதிக நாள் ஆகவில்லை. அவர் பயம் புரிந்தது, ஒத்துக்கொள்ள முடியவில்லை.

1990இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இதைவிடப் பெரிய ரகளை. ஈ-306 என்ற கட்டாய முதலாண்டு எழுத்து வகுப்பில், பாகுபாட்டு வழக்குகளில் நீதிமன்றங்கள் எழுதிய தீர்ப்புகளைப் படித்து வாதம் எழுதப் பழக்கலாம் என்று ஆங்கிலத் துறைக் குழு ஒன்று பாடம் வகுத்தது. எழுத்து வகுப்பில் அரசியல் புகுத்துகிறார்கள் என்று அதே துறைக்குள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பி, பத்திரிகைகள்வரை போனது. பாடத்தைத் தள்ளிவைத்தார்கள், பிறகு அது வரவே இல்லை. தீர்ப்பு என்பது காரணம் காட்டி எழுதுவதற்கு நல்ல மாதிரி. அதை விட்டால் வகுப்பில் மிஞ்சுவது 'என் விடுமுறை நாள்', 'மரம் வளர்ப்போம்'. யாருக்கும் சொல்ல எதுவும் இல்லாத தலைப்பில் எழுதச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்கிறோம்.

எங்கள் தாளுக்கு இப்போது வெள்ளிக்கிழமை கடைசி ஹவர். பேச்சிப்பாறையிலிருந்து வருகிற பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க மணியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். நடத்துவது துறையிலேயே இளையவர், புதிதாகச் சேர்ந்தவர். அடுத்த பாடத்திட்டக் குழுவுக்கு நானும் அந்தத் தமிழ்த்துறை நண்பரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கிறோம்: பிரிவுக்கு இருபத்தைந்து பேர், இரண்டு மொழியிலும் எழுத்து, திருத்தும் நேரமும் ஒர்க்லோடில் சேர வேண்டும். முடியாது என்றால் தாளை எடுத்துவிடுங்கள் என்பதையும் அதிலேயே சேர்த்திருக்கிறோம். அந்தக் கடைசி வரி வேண்டாம் என்று எங்கள் ஹெச்.ஓ.டி. இரண்டு முறை சொல்லிவிட்டார், ஹவர்ஸ் போய்விடுமாம்.